பார்ப்பவர்: மகன்

என் அண்ணன் என்ன வேலை செய்கிறான் என்பது எங்கள் உறவில் யாருக்கும் தெரியாது. தெரியாததோடு விட்டாலாவது பரவாயில்லை. தெரிந்த மாதிரி பேசுவார்கள். ஒரு கல்யாணத்துக்கு எங்கள் சித்தப்பா தன் வீட்டு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், "உன்னைப் பிடிக்கிறதே கஷ்டமா இருக்கு, மை இறங்கலடா, என்னன்னு பாரு" என்று. யாரோ அதைப் பரிசு என்று நினைத்து வாங்கி மாப்பிள்ளை பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அதை மீட்பதற்குள் சித்தப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணனும் விளக்கித்தான் பார்த்தான். பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து அறைக் கணினியையும் இயக்கலாம், பக்கத்து ஊர்க் கணினியையும் இயக்கலாம். அதன் உள்ளே ஓடுகிற சமாச்சாரங்களை வேறு ஆட்கள் எழுதுகிறார்கள். வெளியே கண்ணுக்குத் தெரிகிற பொத்தான்கள்தான் அண்ணன் பொறுப்பு. எது எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், மேலே என்ன எழுத வேண்டும், அமுக்கினால் என்ன கேட்க வேண்டும்.

"பட்டன் வைக்கிற வேலையா?" என்றார் அத்தை. "அதுக்கா இவ்வளவு படிச்சே?"

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். தப்பைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பேனா போதாது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவன் தன் வேலையை விளையாட்டாக எடுத்துக்கொண்டவன் இல்லை. அவன் வாழ்க்கையில் விளையாட்டாக எடுத்துக்கொண்டதே எதுவும் இல்லை. அதுதான் வினை.

அந்த மென்பொருளில் முதலில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்ததாம். அதன் மேல் "இணைப்பு" என்று எழுதியிருக்கும். பச்சை என்றால் இப்போது இணைந்திருக்கிறது என்று அர்த்தமா, அமுக்கினால்தான் இணையும் என்று அர்த்தமா? உலகத்தில் ஒருத்தருக்கும் வராத சந்தேகம் என் அண்ணனுக்கு வந்தது. வந்தது போகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தவன் கரண்டியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு கேளு, எனக்கு பயமா இருக்கு" என்றார். கேட்டேன். "பச்சை" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் தன் கணினியை மட்டும் நிறுத்துவதாக நினைத்து எதையோ அமுக்க, உள்ளே இருந்த டாக்டர்கள் எல்லோருடைய திரையும் ஒரே நேரத்தில் இருண்டுவிட்டது. அந்தப் பெண்ணைப் போட்டு வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறார்கள். அண்ணன் அங்கே நேரில் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

"தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. 'நிறுத்து'ன்னு எழுதினவன், எதைன்னு எழுதலையே."

அதற்குப் பிறகு அவனுக்கென்று சில பிடிவாதங்கள் வந்தன. பொத்தான் தான் செய்யப் போவதை முழுசாகச் சொல்ல வேண்டும். ஒருத்தரைக் காத்திருக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். இரண்டு கணினி இணைந்திருந்தால், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். இதையெல்லாம் காகிதத்தில் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களிடம் சோதித்துப் பார்ப்பான். காகிதப் பொத்தானை விரலால் அமுக்க வேண்டும், அவன் அடுத்த காகிதத்தை எடுத்து வைப்பான். அண்ணி ஒரு முறை அமுக்கிய அமுக்கலில் பதினாறு கணினிகள் ஒன்றாக அணைந்தன. அவன் சந்தோஷத்தில் குதித்தான். "பாத்தியா, பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று. அண்ணி அதற்குப் பிறகு அந்தக் காகிதங்களைத் தொடுவதில்லை.

இவ்வளவு பேசுகிறவன் வீட்டுக் கூடத்தில் எட்டு ஸ்விட்ச் வரிசையாக இருக்கின்றன. எட்டில் எது மின்விசிறி என்று அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. "லேபிள் ஒட்டணும்" என்று குடிவந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாலும் அப்படித்தான். "ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போவோமா?" என்றால் "பார்க்கலாம்" என்பான். வருவானா மாட்டானா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவன் வாயையே ஒரு பொத்தானாக யாராவது வரைந்து கொடுத்திருந்தால் இவனே கிழித்துப் போட்டிருப்பான்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் டிரைவர். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார், இரண்டாம் மாடியில், ஒரு படுக்கையறை வீட்டில். எங்களிடமிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அப்பா ஓட்டினால் ஒன்றே முக்கால். கண்ணில் கோளாறு என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் எந்த வண்டியையும் தொடுவதில்லை. பஸ்ஸில் பயணியாக ஏறினாலும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் பிரேக் போடும்போதெல்லாம் இவரும் காலை அழுத்துவார்.

அவருக்கு அண்ணன் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தான். பில் கட்ட, பேப்பர் படிக்க. அதைத் தன் வீட்டுக் கணினியோடு தன் மென்பொருளாலேயே இணைத்தும் வைத்தான், ஏதாவது சிக்கல் என்றால் இங்கிருந்தே சரிசெய்யலாம் என்று. அப்பா கணினியில் இவன் பெயர் "மகன்". இவன் கணினியில் அவர் பெயர் "அப்பா".

முதல் வாரமே சண்டை. நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அப்பா போன் செய்தார்.

"டேய், என் ஸ்கிரீன்ல ரெண்டு அம்பு ஓடுது. ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு?"

"நான்தான்பா. எழுத்து சின்னதா இருக்குன்னு சொன்னீங்கள்ல, பெருசு பண்றேன்."

"வந்தா வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் இங்க பனியனோட உக்காந்திருக்கேன்."

"பனியன் எனக்குத் தெரியாதுப்பா. ஸ்கிரீன் மட்டும்தான் தெரியும்."

"உனக்கு என்ன தெரியுதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

அப்பா போனை வைத்துவிட்டார். அண்ணன் வைக்கவில்லை. காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எனக்குப் புரிந்துவிட்டது, இன்று இவன் சாப்பிட்ட மாதிரிதான்.

அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் ஆரஞ்சுக் கட்டம். ஒருவர் உங்கள் கணினிக்குள் வந்தால் உங்கள் திரையைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு வரும். மேலே பெரிய எழுத்தில் "மகன் பார்க்கிறார்" என்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே "பிரி" என்று ஒரு பொத்தான், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு என்று நான் கிண்டல் செய்தேன். அதை அமுக்கினால் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை எழுத அவனுக்கு ஒரு மாதம் ஆனது: "மகனைப் பிரிக்கவா? பிரித்த பிறகு அவராக வர முடியாது. நீங்கள் அழைத்தால் மட்டுமே வரலாம்." கீழே இரண்டு பொத்தான்: "பிரி", "இப்போதைக்கு இருக்கட்டும்".

"பிரிச்சுட்டா நீயா போக முடியாதா? ஏதாவது குறுக்கு வழி இருக்கும்ல?" என்று கேட்டேன்.

"குறுக்கு வழி வச்சா அப்புறம் அது எதுக்கு? அது அவங்க வீடு. கதவு அவங்க கையில இருக்கணும்."

அந்தக் கட்டத்தை எல்லோருக்கும் பிடித்துப்போனது. மென்பொருளை வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். முதலாளி தன் அறையில் அதன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அலுவலகம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மெத்தை நாற்காலிகளைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். அண்ணன் அந்த மாதங்களில் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுவான்.

பிறகு பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். முந்நூறு பேர் வேலை செய்கிற இடம். அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது, கட்டத்தைத் தவிர.

"நான் பார்க்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சா, அவங்க ஒழுங்கா வேலை செய்வாங்க. அப்புறம் நான் எதைப் பார்க்கிறது?" என்றாராம். முதலாளிக்கு அதில் நியாயம் தெரிந்தது. முந்நூறு பேர் இருந்தால் நியாயம் சீக்கிரம் தெரியும்.

அண்ணன் சண்டை போட்டான். அவன் குரலை உயர்த்தியது அந்த அலுவலகத்தில் அதுதான் முதல் முறை என்று அவன் பக்கத்து மேசைக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னார். "பார்க்கிறவன் தெரியணும். தெரியாம பார்க்கிறதுக்கு வேற பேரு இருக்கு" என்று கத்தியிருக்கிறான். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள வரைஞ்சு குடு" என்றார்.

வரைந்து கொடுத்தான். "அமைதிப் பார்வை" என்று அதற்குப் பெயர் வைத்தது முதலாளி. கட்டம் வராது, பெயர் வராது. அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி ஒன்றே ஒன்று வாங்கினான். திரையின் கீழ் மூலையில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. கடுகளவு. அதை அமுக்கினால் ஒரு சின்ன அட்டை விரியும், யார் பார்க்கிறார், எப்போதிலிருந்து என்று. அடியில் அதே "பிரி" பொத்தான். "கண்ல படவே படாது, இருந்துட்டுப் போகட்டும்" என்று முதலாளி விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் புள்ளியைக் காட்டினான். நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

"இதுதான் உன் மானமா? கடுகளவு இருக்கு."

"இருக்குல்ல?" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா சாயங்காலங்களில் போனை எடுப்பதை நிறுத்தினார்.

காலையில் எடுப்பார், மதியம் எடுப்பார். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் இருட்டும் வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். பிறகு அவரே கூப்பிட்டு, "வேலையா இருந்தேன்" என்பார். என்ன வேலை என்றால் "வேலைதான்" என்பார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் குளியலறையில் மயங்கி விழுந்திருந்தார். அதை எங்களிடம் சொல்லவே இல்லை, கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அதனால் எங்கள் இருவருக்கும் பயம் வந்தது.

"நேர்ல போய்ப் பார்த்துட்டு வா" என்றேன்.

"பார்க்கலாம்" என்றான்.

அவனுக்கும் வேலை நெருக்கடிதான், பொய் சொல்லவில்லை. ஆனால் பார்க்க வேறு வழி அவன் கையிலேயே இருந்தது. ஆரஞ்சுக் கட்டத்தோடு போனால் அப்பா செய்துகொண்டிருப்பதை மூடிவிடுவார். ஆகவே ஒரு சாயங்காலம் என் அண்ணன், பார்க்கிறவன் தெரிய வேண்டும் என்று மாடி அதிரக் கத்தியவன், அமைதிப் பார்வையைத் திறந்தான்.

எனக்கு உடனே போன் வந்தது. அவனால் பேச முடியவில்லை. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் எனக்கு உயிரே போய்விட்டது.

"அப்பாவுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு. பஸ் ஓட்டுறாரு."

"என்னது?"

"கம்ப்யூட்டர்ல. பஸ் ஓட்டுற கேம். டிரைவர் சீட்ல இருந்து பார்க்கிற மாதிரி ரோடு தெரியுது. ஸ்டாப்ல நிறுத்துறாரு. ஒரு கிழவி பொம்மை மெதுவா நடந்து வருது, அது ஏறுற வரைக்கும் நிக்கிறாரு. நான் இங்க இருந்து போன் அடிச்சேன். வண்டி பாட்டுக்குப் போகுது. ஓட்டுறப்ப என்னைக்கு எடுத்திருக்காரு, இப்ப எடுக்க?"

அந்த விளையாட்டைக் கீழ்வீட்டுப் பையன்கள் யாராவது ஏற்றிக் கொடுத்திருக்க வேண்டும். கிழவன் பொம்மை வண்டி ஓட்டுகிறான் என்று நாங்கள் சிரிப்போம் என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார்.

சரி, தெரிந்துவிட்டது, நிம்மதி, அத்தோடு மூடியிருக்க வேண்டும். அண்ணன் மூடவில்லை. மறுநாள் சாயங்காலமும் திறந்தான். அதற்கு மறுநாளும். அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தான். கைகால் கழுவிக்கொண்டு, கணினி முன் உட்கார்ந்து, அப்பா ஓட்டுகிற பஸ்ஸைப் பார்ப்பான். அண்ணி அவனுக்கு எதிரில் டீயை வைத்துவிட்டுப் போவார். சத்தம் வராது, படம் மட்டும்தான். எனக்குத் தகவல் வரும்: "இன்னைக்கு அப்பா லேட். பாலத்துல டிராஃபிக்." "இன்னைக்கு ஒருத்தன் குறுக்க வந்தான், அப்பா எப்படி பிரேக் பிடிச்சாரு தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது.

"அவருக்குத் தெரியாமதானே பார்க்கிறே? நீ ஆபீஸ்ல என்ன பேசினே?"

"அது ஆபீஸ். இது அப்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, அதுதான் என் வாயைக் கட்டிப்போட்டது. சின்ன வயதில் அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் ஏற எங்களுக்கு அனுமதி இல்லை. "கவனம் சிதறும்" என்பார். அவன் முதல் முறையாக அந்த பஸ்ஸில் ஏறியிருந்தான், டிக்கெட் இல்லாமல்.

மாட்டிக்கொண்டது எப்படி என்றால், அப்பா டிரைவர். முன்னால் ரோட்டை மட்டும் பார்க்கிறவர் இல்லை. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, மேலே, கீழே, திரையின் எல்லா மூலைக்கும் அவர் கண் போய்வரும். கண் மங்கிப்போனாலும் அந்தப் பழக்கம் மங்கவில்லை. முந்நூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படாத கடுகு அவர் கண்ணில் பட்டது.

அன்றைக்கு நான் அண்ணன் பக்கத்தில்தான் இருந்தேன். பஸ் ஓரமாக ஒதுங்கியது. ஸ்டாப் இல்லாத இடம். அவசர விளக்குகள் இரண்டும் மினுக்கத் தொடங்கின. கை பிரேக் போட்ட அடையாளம் திரையில் வந்தது.

"என்ன, வண்டி ரிப்பேரா?" என்றேன்.

அப்பாவின் அம்புக்குறி கீழ் மூலைக்கு நகர்ந்தது. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தான். புள்ளி மேல் போய் நின்றது. அட்டை விரிந்தது. அண்ணனே யோசித்து யோசித்து எழுதியது, ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவு இல்லை. "பார்ப்பவர்: மகன். பார்க்கத் தொடங்கியது: போன மாதம்." அப்பா எழுத்துக்குக் கீழே விரல் வைத்துப் படிக்கிறவர். அம்புக்குறி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நின்று நின்று போனது. "மகன்" என்ற இடத்தில் நின்றது, நகரவே இல்லை.

"அப்பா" என்றான் அண்ணன், திரையைப் பார்த்து. அவருக்குக் கேட்காது.

பிறகு அட்டையின் அடியில் இருந்த "பிரி"க்கு இறங்கி அமுக்கியது. கேள்வி வந்தது. மகனைப் பிரிக்கவா? அம்புக்குறி "இப்போதைக்கு இருக்கட்டும்" பக்கம் போனது. நான் மூச்சை விட்டேன். அங்கேயே கொஞ்சம் அலைந்தது. பிறகு நேராக வந்து "பிரி"யை அமுக்கியது.

பஸ், ரோடு, விளக்கு எல்லாம் போய்விட்டன. அண்ணன் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது: "அப்பா உங்களைப் பிரித்துள்ளார். அவர் அழைத்தால் மட்டுமே நீங்கள் மீண்டும் வர முடியும்." இதுவும் அவன் எழுதியதுதான். எதிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பவன். வைக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை, காலையிலும் இல்லை, மதியமும் இல்லை. என் போனை எடுத்தார். அந்த வாரமே நான் போய்ப் பார்த்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அவன் வச்ச பட்டன்தானே. அமுக்கினேன். நல்லா வேலை செய்யுது, சொல்லிடு."

"கவலையிலதான்பா பார்த்தான். நீங்க போனை எடுக்கலைன்னு."

"ஒரு நாள் பார்த்தா கவலை. மாசக்கணக்கா பார்த்தா என்ன?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க அம்மா போனதுக்கு அப்புறம் எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தாம்மா. அதுலயும் உக்காந்து சிரிச்சிருக்கான்."

"சிரிக்கலப்பா. அழுதான்."

"அழுதானா?" அப்பா முதல் முறையாக என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "எதுக்கு? நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

திரும்பி வந்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் எழுந்துபோய்க் கூடத்து ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தான். எது எதற்கு என்று பார்ப்பது போல இருந்தது. எட்டாவதில் நின்று, "அப்பா இனிமே என்னை உள்ள விட மாட்டாரா?" என்று கேட்டான். அவன் தலையில் பாதி நரைத்துவிட்டது. கேட்ட குரல் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் குரல். எனக்கு அவனைத் திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் திட்டினேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள விட மாட்டாரு. வீட்டுக்குள்ள விடுவாரான்னு போய்ப் பாரு. ஞாயித்துக்கிழமை போறோம். 'பார்க்கலாம்'னு சொன்னே, தொலைஞ்சே."

"வர்றேன்" என்றான். எனக்கே நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம். நேரம் தெரிந்தே அவன் அந்த பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தானா என்று நான் கேட்கவில்லை. அப்பா மயங்கி விழுந்த பிறகு எங்கள் இருவரிடமும் அந்த வீட்டுச் சாவி இருக்கிறது. அண்ணன் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு கையை வெளியே எடுத்து அழைப்பு மணியை அடித்தான்.

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் இல்லை. குரல் மட்டும் வந்தது.

"யாரு?"

"நான்தான்பா."

"சாவி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நீங்க திறந்தாதான்பா வருவேன்."

பிறகு அப்பா சொன்னார்: "வண்டியில ஆள் இருக்காங்க. அடுத்த ஸ்டாப்ல நிறுத்திட்டு வர்றேன்."

நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தோம். காத்திருக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற என் அண்ணன், அடுத்த ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "சாவி தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றான். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கதவு திறந்தது. அப்பா பனியனோடு இல்லை. இஸ்திரி போட்ட சட்டையும் கால்சட்டையுமாக நின்றார், வேலைக்குப் போகிற மாதிரி. அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"டிரைவர்கிட்ட பேசக் கூடாது" என்றார் அப்பா. "ஏறு. லேட்டாகுது."

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தோம். ஸ்டாப்பில் நின்ற பஸ் கிளம்பியது. இப்போது சத்தமும் இருந்தது, கதவு மூடுகிற காற்றுச் சத்தம், மணிச் சத்தம். அண்ணன் மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு சுரங்கப் பாதை வந்தது. பஸ் உள்ளே நுழைந்ததும் திரை முழுக்க இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில், திரையின் கண்ணாடியில், கட்டிலில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

அப்பா கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார்.

"இப்பத் தெரியுது" என்றார். "அங்கயே உக்காரு. அசையாதே."

அண்ணன் அசையவில்லை. அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவன் முதலாளியிடம் போய் அமைதிப் பார்வையை எடுத்துவிட வேண்டும் என்றான். வாடிக்கையாளர் யாராவது புகார் செய்தார்களா என்று அவர் கேட்டார். "இல்ல சார், நானே உபயோகிச்சுப் பார்த்தேன்" என்றான். "எப்படி இருந்துச்சு?" என்றாராம் ஆவலாக. "ரொம்ப நல்லா இருந்துச்சு சார், அதான் எடுக்கணும்" என்றிருக்கிறான். முதலாளிக்கு அது புரியவில்லை, எடுக்கவும் இல்லை. ஆனால் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்தப் புள்ளி யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. கடுகாக இருந்தது மிளகானது. இப்போது கொண்டைக்கடலை அளவு. நிறமும் சாம்பலிலிருந்து ஆரஞ்சுப் பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. முதலாளி இன்னும் கவனிக்கவில்லை.

ஞாயிறு தவறாமல் அண்ணன் அப்பா வீட்டுக்குப் போகிறான். இரண்டு மணி நேரம் நிஜ பஸ்ஸில் போய், ஒரு மணி நேரம் எங்கேயும் போகாத பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் திரும்பி வருகிறான். சாவி பையில் இருக்கிறது, மணியைத்தான் அடிக்கிறான். கணினியில் மட்டும் அப்பா அவனை இன்னும் அழைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். விசிறிக்கு எது ஸ்விட்ச் என்று கேட்டேன். தெரியாது என்றான். அவன் திரையில் அந்தச் சாம்பல் கட்டம் அப்படியே இருந்தது: அவர் அழைத்தால் மட்டுமே நீங்கள் மீண்டும் வர முடியும்.

"படிக்கவே மனசு வலிக்குதே. இதைக் கொஞ்சம் வேற மாதிரி எழுதக் கூடாதா?" என்றேன்.

அவன் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தான், யாரோ எழுதியதைப் பார்ப்பது போல.

"வேண்டாம்" என்றான். "தெளிவாத்தான் இருக்கு."